முதுகுக்குச் சுகமான சுவர்

என் மாமியாருக்கு என் தம்பியைப் பிடிக்க ஆரம்பித்தது அவருடைய முதுகு வழியாகத்தான்.

அதற்கு முன்னால் பிடிக்காது. கொஞ்சநஞ்சமல்ல, அறவே பிடிக்காது. என் கல்யாணத்தன்று சாப்பாட்டு மேஜையில், சுற்றி உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, என் தம்பியைக் காட்டி, "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டார். "ஒயரிங் வேலை" என்றார் என் அப்பா. "ஓ, கம்பம் ஏறுறவனா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். தம்பி பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்தவன்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் வெளிக்கதவோடு சரி. கொண்டுவந்த பையை நீட்டுவான், "வரேன்க்கா" என்பான், வண்டியைத் திருப்பிவிடுவான். ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே வந்ததில்லை. அது ரோஷமா பயமா என்று எனக்கே சொல்லத் தெரியாது. என் மாமியார் அவனுக்கு வைத்திருந்த பெயர் வாயில்லாப்பூச்சி.

கூடப்பிறந்தவன் வெளியில் வெயிலில் நிற்க, உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவளைக் கேளுங்கள், அந்தச் சாப்பாடு தொண்டையில் எப்படி இறங்கும் என்று. நான் ஒன்றும் பசு இல்லை. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். நூல் கடைக்காரரோடு சண்டை போடுவேன், அளவு மாற்றிச் சொல்லிவிட்டுப் பழியை என் மேல் போடுகிறவர்களோடு சண்டை போடுவேன். மாமியாரோடு மட்டும் போட்டதில்லை. போட்டால் அது என் தம்பி தலையில்தான் விடியும் என்று தெரியும்.

வீடு பழைய வீடு. ஒயரெல்லாம் அதைவிடப் பழசு. சில சுவிட்சுகளைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும். மிக்சியைப் போட்டால் டியூப் லைட் மங்கும். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லித்தருவார். வீட்டில் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று கேட்டால்கூட "நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர், ஒருநாள் முகம் சவரம் செய்துகொண்டிருக்கும்போது ஷாக் அடித்ததும் பாதித் தாடியோடு வந்து நின்று சொன்னார்: "முழு வீட்டுக்கும் புது ஒயர் போடறோம். என் மச்சானைத் தவிர வேற யாரும் கை வைக்கக் கூடாது." மாமியார் வாயைத் திறந்தார். மகனுடைய பாதித் தாடியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

தம்பி வந்தான். மற்ற இடங்களில் வேலை முடித்துவிட்டுச் சாயங்காலங்களில் வருவான், ஓய்வு நாட்களில் காலையிலேயே வந்துவிடுவான். சுவரைக் கீறி பைப் பதித்து, புது ஒயர் இழுத்து, நடையில் புது போர்டு வைத்தான். போர்டில் ஒவ்வொரு பிரேக்கருக்குக் கீழும் சின்னச் சீட்டு ஒட்டி எழுதியிருந்தான்: சமையலறை, ஹால், குளியலறை, அக்கா மெஷின். மாமியார் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. வேலை முடிந்து அவன் தூசியெல்லாம் பெருக்கி அள்ளிக்கொண்டு போன அன்றும், அவர் சொன்னது "ம், பரவாயில்ல" என்பது மட்டும்தான்.

ஷாக் பயம் போனதால் மிக்சி, இஸ்திரி, மெஷின் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட ஆரம்பித்தோம். பிறகுதான் மழைக்காலம் வந்தது. அவருக்கு முதுகு வலி வந்தது. வழக்கமாக வருவதுதான். ஆனால் இந்த முறை கொஞ்ச நாளிலேயே முனகல் நின்றுவிட்டது. ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கட்டிலை விட்டுவிட்டு, சுவரோரம் முக்காலி ஒன்றைப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இங்க கை வச்சுப் பாரு."

வைத்தேன். லேசான கதகதப்பு இருந்தது.

"உன் தம்பி கைராசிக்காரன்டி. அவன் வந்து வேலை செஞ்சதுலேர்ந்துதான் இந்தச் சுவரு இப்படி இதமா இருக்கு. இத்தன வருஷமா எத்தன தைலம் தேச்சிருப்பேன், ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு அவனை."

எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. அவர் மனசு மாறுவதற்குள் ஓடிப்போய்த் தம்பிக்குப் போன் போட்டேன். சுவர் ஏன் சுடுகிறது என்று யோசிக்க அந்த நேரத்தில் எந்த அக்காவுக்குத் தோன்றும்? மத்தியான வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் ஏது வெயில் என்று கேட்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சாப்பிட்டான். மாமியார் தன் கையால் பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் வச்சுக்க தம்பி, வெயில்லயும் மழையிலயும் அலையற உடம்பு" என்றார். அவன் நிமிர்ந்து பார்க்காமல் "போதும் அத்தை, போதும் அத்தை" என்றான். அவன் போன பிறகு அவன் தட்டை யாரையும் தொடவிடாமல் நானே கழுவினேன். அழுதுகொண்டே கழுவினேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். மெல்ல மெல்ல நாற்காலியில் பின்னால் நகர்ந்து நன்றாக உட்கார ஆரம்பித்தான். என் கணவரோடு கிரிக்கெட் பேசினான். ஒருமுறை மாமியார் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தான். எனக்கு வேறு என்ன வேண்டும்? இந்த வீட்டில் எனக்கு எல்லாம் இருந்தது, பிறந்த வீட்டு மனுஷன் என்று ஒருவன் உள்ளே வந்து போவதைத் தவிர. அதுவும் வந்துவிட்டது.

ஒயரிங்தான் புதுசாகிவிட்டதே என்ற தெம்பில் வீட்டுக்குள் சாமான்கள் வர ஆரம்பித்தன. மாமியார் ஆசைப்பட்டுக் குளியலறையில் தண்ணீர் ஹீட்டர் வைத்துக்கொண்டார். கடை ஆளே வந்து மாட்டிவிட்டுப் போனான். கணவர் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்தார். நான் பெரிய ஸ்டீம் இஸ்திரிப் பெட்டி வாங்கினேன். ஹீட்டர் வந்த புதிதில் இரண்டு தடவை கரண்ட் போனது, ஊரெல்லாம் போயிருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் ஒரு விளக்குகூட அணையவில்லை. தம்பி வேலை என்றால் சும்மாவா என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மாமியார் ஒரு புது வழக்கம் பிடித்துக்கொண்டார். அறையிலிருந்து குரல் கொடுப்பார்: "இன்னைக்கு இஸ்திரி போடலையா?"

நான் சோம்பேறித்தனம் பண்ணுகிறேன் என்று குத்திக்காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவரே விளக்கினார். "நீ இஸ்திரி போடற அன்னைக்கு என் முதுகு நல்லா இருக்குடி. போடாத அன்னைக்கு ஒண்ணும் சொகமில்ல."

இதைக் கணவரிடம் சொன்னேன். "உங்க அம்மாவுக்கு நான் வேலை செஞ்சாத்தான் முதுகு வலி போகுதாம்."

"எந்த மாமியாருக்குத்தான் போகாது?" என்றார் அவர். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமியார் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிவந்து சுவரைத் தொட்டுக் காட்டினார். அவளும் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கும் அந்தத் தம்பியை வரச் சொல்லுங்கள், எனக்கு முட்டி வலி என்றாள்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கப்போகிற வாரம். சீருடைகள் தைத்துக் குவித்து வைத்திருந்தேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கணவர் விடுமுறை மிதப்பில் தாமதமாக எழுந்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருந்தது. நான் ஹாலில் சட்டை மேல் சட்டையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் அறையிலிருந்து சொன்னார்: "இன்னைக்குச் சுவரு கொஞ்சம் அதிகமாவே சுடுதுடி. நடுவுல தலையணை வச்சுக்கிட்டேன்."

"சரி அத்தை" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த சட்டையை விரித்தபோதுதான் வாடை வந்தது. துணிதான் கருகுகிறது என்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். துணி வெள்ளைவெளேர் என்று இருந்தது. அடுப்பைப் போய்ப் பார்த்தேன், அங்கும் ஒன்றுமில்லை. வாடையைப் பிடித்துக்கொண்டு போனால் அது மாமியார் அறையில் கொண்டுபோய் விட்டது. ரப்பர் கருகுகிற வாடை.

"உன் இஸ்திரிதான் கருகுது, இங்க என்ன பார்க்கிறே?" என்றார் அவர், தலையணையில் சாய்ந்தபடி.

அவர் தோளுக்குப் பக்கத்தில் சுவர்ப் பெயிண்ட் பழுப்பாகிச் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தது. அந்தப் பழுப்பு ஒரு கோடாக, வாசல் பக்கத்துச் சுவரிலிருந்து நடைப் பக்கம் வரை போயிருந்தது. கை வைத்தேன். வைத்த கையை உடனே இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சுவரின் ஒரு முனையில், வெளியே, மீட்டர் பெட்டி. மறு முனையில், நடையில், போர்டு. நடுவில் வீட்டு மொத்தக் கரண்டும் இந்தச் சுவருக்குள்தான் போகிறது. நான் இஸ்திரி போட்டால் மாமியார் முதுகு ஏன் சுகமாகிறது என்பது எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

குளியலறையிலிருந்து என் கணவர் கத்தினார். அந்த நேரத்தில் எனக்கு வந்த முதல் நினைப்பு நெருப்பைப் பற்றியதல்ல, வயசான மனுஷியைப் பற்றியதும் அல்ல. போச்சு, இனிமேல் என் தம்பி இந்தப் படி ஏற முடியாது என்பதுதான். அவ்வளவு சுயநலக்காரி நான். போன் போட்டு, "உடனே வா, சுவரு சுடுது" என்று மட்டும் சொன்னேன். "மெயினை ஏத்தாதே" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.

மாமியாரை ஹாலுக்கு வரச் சொன்னேன். "கரண்ட் போனதுக்கு நான் ஏன் எழுந்திருக்கணும்? இன்னும் சூடு இருக்கு" என்றார். சுவர் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அது ஆறுவதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

தம்பி தெப்பமாக நனைந்து வந்தான். உள்ளே வரவில்லை, நேராக மீட்டர் பெட்டிக்குப் போனான். நானும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அதில் மெல்லிசான ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், பென்சில் முனைத் தடிமனுக்குச் செம்புக் கம்பியை நன்றாக முறுக்கிச் சுற்றியிருந்தது.

"அக்கா, இது யார் வேலை? நான் போட்டது இது இல்ல."

பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தான் மச்சான்."

என் கணவர் காதோரம் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்னது இதுதான். ஹீட்டர் வந்த புதிதில் ஃபியூஸ் போய்விட்டது. இவர் கம்பி மாற்றினார். மறுபடியும் போனது. இன்னும் ஒரு தடவை கரண்ட் போனால் அம்மா என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும்: "பாத்தியா உன் மச்சான் வேலையோட லட்சணத்தை." ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அதோடு நின்றுபோகும். அதனால் யாருக்கும் தெரியாமல், இனி போகவே போகாத மாதிரி தடிமனான கம்பியைச் சுற்றிவிட்டார்.

"உன் பேரைக் காப்பாத்தத்தான் மச்சான் பண்ணினேன்" என்றார்.

தம்பி அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான். அதுவரை நான் அவன் மேல் ஒரு குறையும் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். அவன் பேச ஆரம்பித்தான்.

"மீட்டர்லேர்ந்து போர்டுக்கு வர்ற ஒயரை நான் மாத்தலக்கா. வீட்டுக்குள்ள எல்லாம் புதுசு, அது ஒண்ணு மட்டும் பழசு. ரொம்ப மெல்லிசு. அந்தக் காலத்துல நாலு பல்புக்காகப் போட்டது. பைப்புகூடக் கிடையாது, அப்படியே பூசிட்டுப் போயிருக்காங்க. அதை மாத்தணும்னா அத்தை அறைச் சுவரை உடைக்கணும். அன்னைக்குக் கேட்டேன். 'எனக்குத் தூசி ஆகாது, இருமல் வரும், என் அறையில கை வைக்காதே, உள்ள போறது உள்ளயே கிடக்கட்டும்'னுட்டாங்க."

"வேற வீடா இருந்தா என்னடா பண்ணியிருப்பே?"

"பையைத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன். இதைச் செய்யாம மத்ததைத் தொடமாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"மாமாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அம்மாவைப் பத்தி மகன்கிட்ட என்னன்னு போய்ச் சொல்றது? அதான் சின்ன ஃபியூஸா போட்டேன். பாரம் ஏறினா ஃபியூஸ் போகும், என்னைக் கூப்பிடுவாங்க, அப்ப மாத்திக்கலாம்னு இருந்தேன். நான் சொல்ல முடியாததை அது சொல்லும்னு நினைச்சேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு வாரமும் சொல்லிடணும்னுதான்க்கா வருவேன். அத்தை தட்டு வைப்பாங்க. அவங்க போட்ட சாப்பாட்டுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு, உங்க சுவரை உடைக்கணும்னு எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நல்ல ஆம்பளைங்கடா நீங்க. நீ உன் வாயை மூடிக்கிட்டே, இவர் ஃபியூஸோட வாயை மூடிட்டார். நடுவுல அந்தப் பொம்பள அதுல முதுகு காய்ச்சிக்கிட்டு உக்காந்திருக்கு." திட்டிவிட்டேனே தவிர, அழுகைதான் வந்தது. மெல்லிசான ஒயர், அதற்கு இருந்த ஒரே காவலும் போய்விட்டது. நான் சட்டை சட்டையாக இஸ்திரி போட்டு அதைச் சூடேற்றியிருக்கிறேன். ஒருவருக்கொருவர் பார்த்துப் பார்த்துச் செய்த நல்லதெல்லாம் அந்தச் சுவருக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கணவர் மெதுவாகச் சொன்னார்: "அம்மாகிட்ட ஒயர் பழசாயிடுச்சு, மாத்தணும்னு மட்டும் சொல்லிக்கலாம். மத்ததெல்லாம் எதுக்கு?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒரு பொய் சொன்னால் என் தம்பி வருகிற வழி அடைபடாமல் இருக்கும் என்றால், ஒன்பது பொய் சொல்லவும் நான் தயார். ஆனால் தம்பி தலையை ஆட்டினான்.

"இல்ல மாமா. நான் விட்டதை நானே சொல்லணும். இன்னைக்கும் சும்மா இருந்தேன்னா இந்தத் தொழிலுக்கே நான் லாயக்கில்ல."

உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வேலை நடந்த நாட்களில்கூட அந்த அறைக்குள் அவனை ஒரு எட்டுக்கு மேல் விட்டதில்லை. நேராகப் போய் மாமியார் முன்னால் நின்றான். நாங்கள் இரண்டு பேரும் கதவோரம் நின்றோம், தப்பு செய்த பிள்ளைகள் மாதிரி.

"அத்தை, இந்தச் சுவத்துக்குள்ள போற ஒயரு மெல்லிசு. நான் அப்பவே மாத்தியிருக்கணும், மாத்தாம விட்டுட்டேன். அது பாரம் தாங்காம சூடாகுது. அந்தச் சூட்டுலதான் நீங்க சாஞ்சிருக்கீங்க. இப்ப உடைச்சு மாத்தணும்."

"அதான் அன்னைக்கே சொன்னேன்ல, என் அறையில கை வைக்கக் கூடாதுன்னு."

"சொன்னீங்க. கேட்டது என் தப்பு."

"நல்லா இருக்கிற சுவரை உடைச்சாத்தான் உனக்குத் தூக்கம் வருமா? எத்தன நாளைக்கப்புறம் என் முதுகு ஒழுங்கா இருக்கு, அது உனக்குப் பொறுக்கலையா? நாளைக்குப் பாத்துக்கலாம், போ." சொல்லிவிட்டு, வேண்டுமென்றே இன்னும் நன்றாகச் சுவரில் சாய்ந்துகொண்டார். தலையணையை எடுத்துக் கீழே போட்டுவிட்டுச் சாய்ந்தார்.

நான் தம்பியைப் பார்த்தேன். எப்போதும்போலத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடுவான் என்று நினைத்தேன்.

"எழுந்திரிங்க அத்தை!"

அது என் தம்பி குரல்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. வீடே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் என் மாமியார் முன்னால் அவருடைய கணவர்கூடக் குரலை உயர்த்தியதில்லை என்று சொல்வார்கள். அவர் எழுந்து நின்றார். எழுந்த பிறகுதான், எழுந்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரிந்ததுபோல் இருந்தது.

தம்பி முக்காலியைக் காலால் நகர்த்திவிட்டு, அந்தப் பழுப்புக் கோட்டின் மேல் உளியை வைத்து அடித்தான். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே ஒயர் தெரிந்தது. கறுப்பாக, வெடித்து, அங்கங்கே செம்பு வெளியே பல்லிளித்துக்கொண்டிருந்தது. அவன் விரலால் தொட்டதும் மேல் ரப்பர் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒயரைப் பிடித்து நிறுத்துவதற்காக அந்தக் காலத்தில் சுவருக்குள் ஒரு மரச்சட்டம் பதித்திருந்தார்கள். அது ஒரு முழ நீளத்துக்குக் கரியாகியிருந்தது. மாமியார் முதுகு இருந்த உயரத்தில்.

தம்பி அந்தக் கரியைத் தொட்டு, கறுத்த விரலை அவர் முன்னால் நீட்டினான்.

மாமியார் விரலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கீழே கிடந்த தலையணையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

"இப்பக் கத்தினியே, இதை அன்னைக்கே கத்தியிருக்கக் கூடாதாடா?"

"எப்படி அத்தை கத்தறது? எங்க அக்கா வாழற வீடு இது."

அவர் மகன் பக்கம் திரும்பினார். அவர் கேட்பதற்கு முன்பே மகன் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார், ஃபியூஸ் போனது, கம்பி சுற்றியது எல்லாம். "ஏன்டா? படிச்சவன்தானே நீ?" என்றார் மாமியார். "நீ அவனை ஏதாவது சொல்லிடுவியோன்னுதாம்மா" என்றார் என் கணவர்.

கடைசியாக என்னிடம் வந்தார். பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றார். குரல் உடைந்திருந்தது.

"வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் என்கிட்ட வந்து சொல்லப் பயப்படற அளவுக்கா நான் இருக்கேன்? நீ சொல்லு. நான் அப்படிப்பட்டவளா?"

அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 'ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அத்தை' என்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதுதான் வரும். தம்பியின் கறுத்த விரல் என் கண்ணெதிரில் இருந்தது. அவன் இந்த வீட்டுக்கு வருகிற வழி அடைபடக் கூடாது என்பதற்காகவே இத்தனை வருஷம் விழுங்கிய பேச்சு அது. அதைச் சொன்னால் அவன் போய்விடலாம். சொல்லாவிட்டால் இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லப்போவதில்லை.

"ஆமா அத்தை" என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். மனசுக்குள் தம்பியை வழியனுப்பக்கூட ஆரம்பித்துவிட்டேன். அந்த அம்மாளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அவர் பிடிவாதக்காரிதான், ஆனால் எங்களை யாரும் பயப்படச் சொல்லவில்லை. பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டது நாங்கள்தான்.

"எதுவரைக்கும் உடைக்கணும்?" என்றார் மாமியார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"வாசச் சுவத்துலேர்ந்து நடை வரைக்கும். முழுக்க."

"உடை."

கட்டிலை நானும் கணவரும் தூக்கி ஹாலில் போட்டோம். தம்பி போய்க் கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் வாங்கிவந்தான். அது போக நல்ல பைப்பும், மீட்டர் பக்கத்திலேயே வைப்பதற்கு ஒரு பிரேக்கரும். அடி அடியென்று அடித்துச் சுவரைப் பிளந்தான். தூசி வீடெங்கும் பறந்தது. மாமியார் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே போங்கள் என்றால் கேட்கவில்லை. இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் இருமினார்.

நான் சமையலறையில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் தெரியமாட்டார்கள், குரல் மட்டும் கேட்கும்.

"அந்தப் பைப்பை ஏன் நட்டநடுவுல கொண்டு போறே? மூலையோட இறக்கு, கண்ணுக்குத் தெரியாம."

"அங்க வராது அத்தை."

"ஏன் வராது? அவ்வளவு இடம் இருக்கு."

"அதுக்கு அந்தப் பக்கம் தண்ணிக் குழாய் போகுது. வராதுன்னா வராது."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவே?"

"கேட்டுத்தானே இந்த நிலைமை. நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

என் கையிலிருந்த பாத்திரம் அப்படியே நின்றுவிட்டது. நடையில் உளிச் சத்தமும் நின்றுவிட்டது. பிறகு மாமியாரின் குரல் சமையலறையை நோக்கி வந்தது, இருமலோடு.

"ஏய், இங்க வந்து கேளுடி! உன் தம்பி என்னைச் சும்மா இருக்கச் சொல்றான்!"

அவனைப் பற்றி அவர் என்னிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார், எல்லாம் அவன் இல்லாதபோது. அவனை எதிரில் வைத்துக்கொண்டு, சொந்தப் பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்கிற மாதிரி சொன்னது அதுதான் முதல் தடவை. நான் குழாயைத் திறந்துவிட்டேன், அழுவது வெளியே கேட்கக் கூடாது என்று.

"அவன் சொல்றதைக் கேளுங்க அத்தை" என்று அங்கிருந்தே கத்தினேன்.

அவர் கேட்கவில்லை. அவனும் விடவில்லை. மூலையா நடுவா என்று இரண்டு பேரும் சாயங்காலம் வரை சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். பைப் அவன் சொன்ன வழியாகத்தான் போனது.